காணாத கறைக்குக் கணக்கு யாருடையது?



அளவில் குறைப்பது கூடாது, நிறுவையில் ஏமாற்றுவது கூடாது, பழைய சரக்கைப் புதுச் சரக்கென்று விற்பது கூடாது. இவை நாம் சிறு பிராயத்திலேயே ஓதிப் படித்தவை. இவற்றில் எவருக்கும் சந்தேகமில்லை. ஏனெனில், தராசில் விரலை வைப்பவனுக்குத் தன் விரல் எங்கே இருக்கிறதென்று நன்றாகத் தெரியும். ஆனால் கொடுப்பவனுக்கும் தெரியாமல், வாங்குபவனுக்கும் தெரியாமல், ஒரு சாமானின் மேல் ஒட்டிக்கொண்டே கைமாறிப் போகும் கேடு ஒன்று உண்டு. அதற்குப் பொறுப்பாளி யார்? கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும்வரை துடைத்துவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடுமா? இந்தக் கேள்வியையே இம்மாதம் நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

விஷயம் புல்வெட்டும் யந்திரத்தைப் பற்றியது. சிரிக்க வேண்டாம். செம்பவாங்கில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது சிரிப்பான விஷயமன்று. 1938-ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் இங்கே பெரிய கப்பல்துறையைத் திறந்தார்கள். அவர்கள் காலத்தில் எழுந்த கறுப்பு வெள்ளை பங்களாக்கள் அவற்றின் பெரிய தோட்டங்களோடு இன்றும் நிற்கின்றன. ஒட்டாவா ரோடு, டர்பன் ரோடு என்று எங்கோ உள்ள ஊர்களின் பெயர்களை நம் தெருக்கள் சுமந்துகொண்டிருப்பதும் அக்காலத்து நினைவே. ஊருக்குப் பெயர் தந்ததும் ஒரு மரந்தான். மரமும் புதரும் லாலான் புல்லும் நிறைந்த இந்த வடகரையில், முதுகிலும் தோளிலும் யந்திரத்தை மாட்டிக்கொண்டு புல்வெட்டும் பிள்ளைகளில் பலர் நம் ஊர்ப் பக்கத்தவர். மற்றும் பலர் வங்காள தேசத்தவர். அவர்களுக்கு யந்திரம் விற்பதும், நாள் வாடகைக்குக் கொடுப்பதும், பழுது பார்ப்பதும் நம்மவர் சிலருக்குப் பிழைப்பு. நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

இனி, கேடு எங்கிருந்து வருகிறதென்று பார்ப்போம். மலாய்க்காரர்கள் ரெங்காஸ் என்று சொல்லும் மரம் இந்த நாட்டுக் காடுகளில் இயற்கையாக வளர்வது. உள்மரம் நல்ல சிவப்பு; மேஜை நாற்காலிக்கு உகந்தது. ஆனால் அதன் பால் உடம்பில் பட்டால் தோல் சிவந்து, அரித்து, கொப்புளம் கொப்புளமாய் எழும்பும். வெட்டிய இடத்தில் வடியும் பால் காற்றுப்பட்டதும் கறுத்துவிடும். மழை நேரத்தில் ரெங்காஸ் அடியில் ஒதுங்காதே என்று மலாய்ப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பார்கள். இது மாமரத்துக்கும் முந்திரிக்கும் உறவுக்கார மரம். பண்ருட்டியிலும் கொல்லத்திலும் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் குணத்தை விவரிக்க வேண்டியதில்லை. சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். அப்படியும் கை கறுத்துப் புண்ணாகும். பர்மாவில் நம் முன்னோர் வியாபாரம் செய்த காலத்தில் கண்டிருக்கக்கூடிய கறுப்பு அரக்குப் பாத்திரங்களும் ரெங்காஸின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பாலைப் பூசிச் செய்தவையே. நன்றாய்க் காய்ந்து இறுகிய பிறகு அது பாத்திரம். இறுகுமுன் அது விஷம்.

இவையன்றி, சதுப்பு ஓரங்களில் வளரும் தில்லை மரம் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது இந்த மரத்தால்தான். இதன் பால் கண்ணில் தெறித்தால் கொஞ்ச காலம் பார்வையே போகும். மலாய்க்காரர்கள் இதற்கு ‘குருடு குருடு’ என்ற பொருள்பட ‘பூத்தா பூத்தா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். வேலிக்கு வைக்கும் கள்ளி வகைகளின் பாலும், காட்டுச்சேம்பின் சாறும் வேறு வேறு விதமாய் அரிப்பவை. ஆயினும் நம் கேள்விக்கு முக்கியமானது ரெங்காஸ் குடும்பமே. சேம்பின் சாறு தண்ணீரில் போய்விடும். ரெங்காஸ் பாலிலுள்ளது பிசின் போன்ற எண்ணெய். அது தண்ணீருக்கு மசியாது. காய்ந்தால் கண்ணுக்கும் தெரியாது. அமெரிக்காவில் இதே வகை எண்ணெயுள்ள கொடிகளைப் பற்றி அந்நாட்டுத் தொழில் சுகாதார நிபுணர்கள் சொல்வது என்னவென்றால், கருவிகளின் மேல் ஒட்டிய எண்ணெய் 5 வருஷம்வரை தன் வீரியத்தை இழக்காமல் இருக்கக்கூடும் என்பதாகும். ஐந்து வருஷத்தில் ஒரு வாடகை யந்திரம் எத்தனை கை மாறும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இது புது விஷயமுமன்று. நம் நாட்டு வண்ணார் சேராங்கொட்டைச் சாற்றால் துணியில் குறி போடுவார்கள். எத்தனை வெளுப்புக்கும் அழியாத குறி அது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பலருக்குப் பிடரியிலே புண் கண்டது. டாக்டர்கள் ஆராய்ந்து பார்த்ததில், சட்டைக் கழுத்துப்பட்டியில் குறி இருந்த இடத்திற்கு நேராகவே புண்ணும் இருந்தது! துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்த சட்டை. அதைவிடச் சுத்தமான துணி உண்டா? ஆனாலும் சுத்தம் வேறு, கேடின்மை வேறு என்பதை அந்தச் சட்டை நமக்குக் காட்டுகிறது.

நிற்க. சென்ற ஆண்டு இராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் நம் கடைக்குத் தேங்காயெண்ணெய் வாங்க வந்தார். கழுத்திலிருந்து நெஞ்சுக்குக் குறுக்காக, பூணூல் போட்டதுபோல, ஒரு பட்டை அகலத்துக்குக் கொப்புளம். உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் அப்படியே. வெயில் என்றார்கள், வேர்க்குரு என்றார்கள், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அவர் வெட்டியதோ வெறும் லாலான் புல். பக்கத்தில் மரமே கிடையாது. ஆனால் புண் இருந்த இடம் யந்திரத்தின் தோள்வார் கிடக்கும் இடம். விசாரித்ததில், யந்திரம் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தது. அதற்கு முந்தின வாரம் வேறொரு குத்தகைக்காரர் காட்டோரத்தில் புதர் அழிக்க எடுத்துப் போனது. அங்கே எந்த மரம் அறுபட்டதென்று நாம் கண்ணால் காணவில்லை. எனினும் வார் இருந்த இடத்தில் வாரின் அளவுக்கே புண் வந்திருக்கும்போது இதற்கு மேல் சாட்சி தேட வேண்டுமா? அத்தம்பிக்கு ஆறு நாள் வேலை போயிற்று. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் அந்த ஆறு நாள் குறைந்தது. யந்திரம் கொடுத்த கடைக்காரரோ, இன்றுவரை அப்படி ஒரு காரியம் நடந்ததையே அறியார்.

இந்த அறியாமைதான் நம்மை யோசிக்க வைக்கிறது. தராசில் ஏமாந்தவன் அன்று மாலையே திரும்பி வந்து சண்டை போடுவான். இந்த எண்ணெயோ பட்டவுடனே ஒன்றும் செய்யாது. ஒரு நாள், இரண்டு நாள், சிலருக்கு அதற்கும் மேல் கழித்தே அரிப்புத் தொடங்கும். அதற்குள் யந்திரம் கடைக்குத் திரும்பி, வாடகை கணக்கில் வரவாகி, அடுத்த ஆள் எடுத்துப் போயிருப்பான். துன்பம் ஓரிடத்தில், காரணம் ஓரிடத்தில். கணக்கு கேட்க எவனும் வராத கடன் கடனில்லையா?

இதைப் பற்றி நம்மைவிட மூத்த வியாபாரி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தோம். கீழக்கரைக்காரர், நாம் காக்கா என்றே அழைப்போம். அவர் லேசான ஆளல்லர்.

“தம்பி, சாமானைக் கழுவித் திருப்பித் தரவும் என்று கடையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். கழுவாமல் கொண்டு வந்தால் அது அவன் தப்பு. கூலிக்கு எடுத்தவன் கையில் பொருள் அமானிதம் என்று நீயுந்தானே ஓதினாய்?” என்றார்.

“ஓதினோம் காக்கா. அவன் கழுவ வேண்டியது உங்களுக்குச் செய்ய வேண்டிய கடமை. அடுத்தவனுக்குக் கொடுப்பது யார்? நீங்கள்தானே? முந்தினவன் செய்யாத கடமையைப் பிந்தினவன் தோளில் மாட்டி அனுப்பலாமா?”

காக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு கையை நீட்டிக் காட்டினார்.

“முப்பது வருஷமாய் வெறுங்கையால் இந்த மிஷின்களைக் கழற்றி மாட்டுகிறேன். ஒரு பொட்டுக் கொப்புளம் வந்ததில்லை. நீ சொல்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?”

இந்த வாதம் நம்மில் பலரும் பல விஷயத்தில் சொல்வது. ஆகையால் சற்று நின்று பார்க்கத்தக்கது. இந்த எண்ணெய் எல்லோர் தோலையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அரிக்கும். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாது. முதல் தடவை ஒன்றும் செய்யாமல் விட்டு, பல தடவை பட்ட பின் திடீரென்று பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆகவே காக்காவின் கை அவருடைய தோலைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். யந்திரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உலகத்தில் நடக்கும் அநியாயங்களில் ஒரு பகுதி, கெட்ட எண்ணத்தால் அன்றி, தடித்த தோலால் நடப்பதென்று நமக்குத் தோன்றுகிறது. நமக்கு உறைக்கவில்லை என்பதால் பிறருக்கும் உறைக்காதென்று முடிவு கட்டிவிடுகிறோம். காரம் தாங்குகிறவன் சமைத்த குழம்பை வீட்டுக் குழந்தை அழுதுகொண்டே சாப்பிடுவதைப் பார்த்ததில்லையா?

காக்காவின் மூன்றாவது வாதத்துக்கு நம்மால் இலகுவில் பதில் கூற முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

“சரி, கழுவுகிறேன். ஆனால் இந்த மிஷின் ரெங்காஸ் வெட்டியது என்று நான் வாய் திறந்து சொன்னால் எவன் எடுப்பான்? பக்கத்துக் கடைக்குப் போவான். அங்கே இருப்பதும் ரெங்காஸ் வெட்டியதுதான். அவன் சொல்லமாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். உண்மை சொன்ன நான் வாடகையை இழப்பேன், அந்தப் பையன் தோலை இழப்பான். இதனால் யாருக்கு லாபம்?”

இதில் உண்மை இருக்கிறது. ஒருவன் மட்டும் சொல்லி மற்றவர் மறைத்தால் சொன்னவன் நஷ்டப்படுவான். ஆனால் மதீனாவின் கடைத்தெருவில் நடந்ததை நேயர்கள் அறிவீர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதென்று விற்பவர் சொன்னார். ஈரத்தை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. ஈரம் அடியில் இருந்ததே விவகாரம். நம் விஷயத்தில் ஒரு சிக்கல் அதிகம். கோதுமையின் ஈரத்தை மேலே எடுத்து வைக்கலாம். இந்த எண்ணெயை எப்படி மேலே எடுத்து வைப்பது? அது மேலேயே இருக்கிறது, ஆனாலும் தெரிவதில்லை. கண்ணுக்குக் காட்ட முடியாததை வாயாலோ சீட்டாலோதான் காட்ட வேண்டும். ஆகவே பொருள் கண்ணுக்குத் தெரியாததாக ஆக ஆக, சொல்ல வேண்டிய கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

எனக்குத் தெரியாது என்று சொல்பவனுக்கு மன்னிப்பு உண்டா? வழியில் போகிறவன் சொன்னால் உண்டு. அந்தச் சாமானையே விற்றுச் சாப்பிடுகிறவன் சொன்னால், ஏன் தெரிந்துகொள்ளவில்லை என்று கேட்க இடமுண்டு. மருந்துக் கடைக்காரனுக்கு மருந்து தெரியவேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், நம் தொழிலுக்கு மட்டும் விலக்குக் கேட்கலாமா? சிங்கப்பூர்ச் சர்க்காரும் 2006-இல் நடைமுறைக்கு வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலாளியை மாத்திரம் அன்றி, யந்திரம் செய்பவரையும் வழங்குபவரையும் பொறுப்பில் சேர்த்தே எழுதியிருக்கிறது.

இனி, கழுவும் விதம். தெரியாமல் கழுவினால் கேடு பெருகும். முதலில் யந்திரத்தை நிறுத்தி நன்றாய் ஆறவிட வேண்டும். பெட்ரோல் யந்திரமானால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும்; பேட்டரி யந்திரமானால் பேட்டரியை எடுத்துவிட வேண்டும். நீளக்கைச் சட்டையும் கையுறையும் கண்ணாடியும் அவசியம். மெல்லிய லேட்டக்ஸ் உறை இந்த எண்ணெய்க்குத் தடையாகாது, ஊடுருவிவிடும். நைட்ரில் அல்லது தடித்த வினைல் உறை வேண்டும். ஒட்டிய புல்லையும் சக்கையையும் காற்றுக் குழாயால் ஊதக்கூடாது. ஊதினால் விஷத்தூள் முகத்துக்கு வரும். ஈரத்துணியால் வழித்தெடுத்துப் பையில் கட்டி எறிய வேண்டும். எரிக்கவே கூடாது, புகையை மூச்சில் இழுத்தால் தோலுக்கு வந்தது நெஞ்சுக்குள் வரும். பிறகு சோப்பும் நிறையத் தண்ணீரும் கொண்டு, அல்லது கடையில் விற்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, துடைக்க வேண்டும். ஆல்கஹால் தொடத் தயங்குவோர் சோப்போடு நின்றாலும் காரியம் நடக்கும். ஆல்கஹால் என்றால் சூடான இஞ்சின் பக்கமோ நெருப்புப் பக்கமோ போகக்கூடாது. பெட்ரோலால் துடைப்பது நம்மவர் வழக்கம். அது தோலுக்கும் கேடு, தீக்கும் அழைப்பு. தண்ணீர்க் குழாயை இஞ்சின் மேல் திருப்பிவிட்டால் காற்று வடிகட்டியும் கார்ப்புரேட்டரும் கெட்டு, யந்திரம் சுத்தமாய் ஆனபின் ஓடாது.

பெரும்பாலோர் கத்தியையும் அதன் மேல்மூடியையும் கழுவிவிட்டு முடிந்தது என்கிறார்கள். ஆனால் வெட்டுகிறவனின் கையுறை எதையெல்லாம் தொடுகிறதென்று பார்க்க வேண்டும். கைப்பிடி, விசை, இழுகயிற்றின் பிடி, பெட்ரோல் மூடி, தோள்வாரின் கொக்கி. கத்தியை யாரும் கையால் பிடிப்பதில்லை, பிடியைத்தான் பிடிக்கிறார்கள். கடைசியாகக் கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உரித்து எறிந்துவிட்டு, கையையும் முழங்கையையும் சோப்பால் கழுவ வேண்டும். தோலில் பட்டிருந்தால் சில நிமிஷங்களுக்குள் கழுவுவதே பலன் தரும். உடுத்திய துணியை மற்றத் துணியோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். இன்னொன்று. கொப்புளத்து நீரால் புண் பரவும் என்று ஒதுக்கி வைக்கிறார்களே, அது சரியன்று. கொப்புள நீரில் அந்த எண்ணெய் இல்லை. பரப்புவது கழுவாத வாரும் கழுவாத சட்டையுமே. நோயாளியை விலக்கிவிட்டு வாரை வீட்டுக்குள் மாட்டி வைப்பது எவ்வளவு வேடிக்கை!

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுக் கடைப்பையனைக் கூப்பிட்டு, கழுவு என்று சொல்லிவிட்டு நாம் கல்லாவில் உட்கார்ந்தால், வாடிக்கைக்காரன் கையிலிருந்த கேட்டை எடுத்துப் பையன் கையில் வைத்ததாகும். அவன் சம்பளத்தில் அவன் தோலுக்கு விலை சேர்த்திருக்கிறோமா? கையுறையும் கண்ணாடியும் விளக்கமும் முதலில் அவனுக்கு. யந்திரம் அதற்குப் பிறகு.

சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுவதும் உண்டு. எத்தனை தடவை கழுவினாலும் போயிற்றா இல்லையா என்று எப்படித் தெரியும், கண்ணுக்குத்தான் தெரியாதே, ஆகவே இந்த வியாபாரமே வேண்டாம் என்பார்கள். மதரஸாவில் நஜீஸைப் பற்றி ஓதும்போது நிறம், ருசி, வாசம் உள்ள அழுக்கு ஒன்று, இவை ஒன்றும் தெரியாமல் இருக்கும் அழுக்கு ஒன்று என்று இரண்டாய்ப் பிரித்துச் சொன்னது நினைவிருக்கும். மரப்பால் நஜீஸ் என்று நாம் சொல்ல வரவில்லை. அது ஆலிம்கள் பேச வேண்டியது. அந்தப் பாடத்திலிருந்து நாம் எடுப்பது வேறு. தெரியாத அழுக்கை இல்லையென்று விட்டுவிடவும் மார்க்கம் சொல்லவில்லை; தெரியாததால் நாள் முழுதும் கழுவிக்கொண்டிரு என்றும் சொல்லவில்லை. முறைப்படி தண்ணீர் ஓடவிட்டால் போதும் என்றது. அதற்கு மேல் மனம் அலைந்தால் அது வஸ்வாஸ். நம் கடமைக்கும் அப்படி ஒரு எல்லை உண்டு. முறைப்படி கழுவுவது, தெரிந்ததைச் சொல்வது, கழுவ முடியாததை எறிவது. இதற்கு அப்பால் எவருக்கேனும் அரித்தால் அது நம் கணக்கில் சேராதென்றே நினைக்கிறோம்.

கழுவ முடியாதது என்றோமே, அது பெரும்பாலும் தோள்வார்தான். பஞ்சு வைத்துத் தைத்த பட்டையில் எண்ணெய் ஊறிவிட்டால் மேலே துடைத்துப் பயனில்லை. புது வார் 20 வெள்ளிக்கு மேல் ஆகிறது. ஒரு நாள் வாடகையில் பாதி அதிலேயே போய்விடும். காக்காவுக்கு இதுதான் மிகவும் வருத்தம். “மிஷினுக்குக் கழுவு, வாருக்குக் காசு, வாய்க்கு உண்மை. மூன்றும் என் தலையிலா?” என்றார். எடுத்துப் போகும்போதே, மரமும் புதரும் வெட்டப் போகிறீர்களா என்று கேட்டு, ஆம் என்றால் வாரின் விலையில் ஒரு பங்கை வாடகையோடு சேர்த்து வாங்கலாமே என்று சொன்னோம். வெட்டப் போவது இன்ன இடம் என்று அப்போதே சீட்டில் எழுதி யந்திரத்தின் பிடியில் கட்டிவிட்டால், திரும்பி வரும்போது எப்படிக் கழுவ வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். நம் கடையில் ஆறு மாதமாய் இந்தச் சீட்டு நடக்கிறது. ஐந்தாறு வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்துப் போனார்கள். அவர்களில் இருவர் திரும்பி வந்தார்கள், மற்றவர் வரவில்லை.

காக்கா சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எழுத்துப் பெரிதாக இருந்தால் நல்லது, புல்வெட்டும் பிள்ளைகளில் பாதிப் பேர் வங்காளிகள், அவர்கள் பாஷையிலும் போடு என்றார். அவர் கடையில் இன்னும் தொடங்கவில்லை. வங்காளத்தில் எழுதித் தரக்கூடியவர்கள் நேயர்களில் எவரேனும் இருந்தால் நமக்குத் தெரிவிக்கவும். அச்சடிக்கும் செலவைக் காக்கா ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.